52ஆவது மாதம்: மனநலப் பணியாளர் பயிற்சியும் மானியத்தின் வரலாறும்

1

மானியம் என்பது நமக்குப் பழைய சொல். கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு தொடரும் தெரிந்திருக்கும்: 'சந்திராதித்தவற்'. நிலவும் சூரியனும் உள்ளமட்டும் இந்தக் கொடை செல்லும் என்று பொருள். காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் 11ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றுக்கு என்னென்ன வேலை, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று அது பட்டியல் போடுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், மருந்து காய்ச்சி நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர் என்று வரிசை போகிறது.

பொற்காலப் பெருமை பாட இதை எடுக்கவில்லை. அந்த நெல் யார் உழுத வயலில் விளைந்தது, யாரிடமிருந்து வரியாகப் பிடுங்கப்பட்டது என்பது இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டிய சங்கதி அல்ல. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அங்கே கொடை வேலையின் பேரில் எழுதப்பட்டிருக்கிறது. ஆள் மாறலாம், செத்தும் போகலாம். மருந்து காய்ச்சுகிற வேலையும் அதற்கான நெல்லும் இருக்கும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உள்ளர்த்தம்.

நம் காலத்து மானியம் இதற்கு நேர் தலைகீழானது. அது ஆளைத் தயார் செய்யக் காசு தருகிறது. அந்த ஆள் உட்கார வேண்டிய இடத்துக்குத் தருவதில்லை. தந்தாலும் கெடு வைத்துத் தருகிறது. இந்த வேறுபாட்டின் விளைவை மிகத் துல்லியமாகக் காட்டுகிற ஒரு துறை சமூக மனநலம். மருத்துவப் பட்டம் இல்லாத, அந்தந்தத் தெருவைச் சேர்ந்த சாதாரண ஜனங்களைப் பயிற்றுவித்து, மனம் உடைந்தவர்களுக்குத் துணையாக நிறுத்துகிற முயற்சி அது. அரசுப் பணத்தில், சட்டம் போட்டு, பெரிய அளவில் இதைச் செய்துபார்த்த நாடு அமெரிக்கா. தொடங்கியதும் அங்கே, கைவிட்டதும் அங்கே, வேறு பெயரில் மறுபடி தொடங்கியதும் அங்கேதான். ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் அமெரிக்கக் கதை. நம்மூருக்குக் கடைசியில் வருவோம்.

2

1955இல் அமெரிக்காவின் மாநில மனநோய் மருத்துவமனைகளில் ஏறக்குறைய 5,59,000 பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த வருஷம்தான் நாடாளுமன்றம் மனநலம் குறித்து ஆராய ஒரு கூட்டுக்குழுவுக்கு வழி செய்தது. அந்தக் குழுவுக்காக ஜார்ஜ் ஆல்பி என்ற உளவியலாளர் ஆள்பலக் கணக்கு ஒன்றைப் போட்டார். 1959இல் வெளியான அந்தக் கணக்கு சொன்ன சேதி எளிமையானது: இப்போதிருக்கும் முறையிலேயே போனால் தேவையான அளவு மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் ஒருநாளும் கிடைக்கப்போவதில்லை. பற்றாக்குறை தற்காலிகமானதல்ல, அந்த முறையின் உள்ளேயே இருக்கிறது என்பது இதன் சாரம்.

1963 அக்டோபர் 31 அன்று கென்னடி சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்று வருஷத்துக்கு 15 கோடி டாலர். எதற்கு? கட்டடம் கட்ட. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பகுதி சட்டத்திலிருந்து வெட்டப்பட்டிருந்தது. அரசு சம்பளம் கொடுக்க ஆரம்பித்தால் அது அரசு மருத்துவமாகிவிடும் என்று மருத்துவர் சங்கம் எதிர்த்ததே காரணம். செங்கல்லுக்குக் காசு தரலாம், மனுஷனுக்குத் தரக்கூடாது.

1965இல் ஜான்சன் காலத்துத் திருத்தம் சம்பள மானியத்தைக் கொண்டுவந்தது. அதன் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் 15 மாதங்களுக்குச் சம்பளச் செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசு தரும். பிறகு வருஷத்துக்கு வருஷம் 60, 45, 30 என்று இறங்கும். மொத்தம் 51 மாதங்கள். அதோடு சரி. இதை விதைப்பணம் என்றார்கள். மத்திய அரசு விதைக்கும், மாநிலமும் ஊராட்சிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் என்பது நம்பிக்கை. 52ஆவது மாதம் யார் சம்பளம் தருவார் என்று சட்டத்தில் எழுதவில்லை. 1970இல் இந்தக் கெடுவை எட்டு வருஷமாக நீட்டினார்கள். கேள்வியும் அத்தனை வருஷம் தள்ளிப்போனது, அவ்வளவே.

3

சரி, பட்டம் பெற்ற ஆள் போதவில்லை என்றால் வேறு யாரைப் பயிற்றுவிப்பது? இந்தக் கேள்விக்கு அன்று இரண்டு பதில்கள் வந்தன.

முதல் பதில் மார்கரெட் ரியாக்குடையது. 1960இல் தேசிய மனநல நிறுவனத்தின் ஆதரவோடு அவர் எட்டுப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார். நாற்பது வயதை ஒட்டிய, கல்லூரி படித்த, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட இல்லத்தரசிகள். அவர்கள் நடத்திய உரையாடல்களின் ஒலிப்பதிவை வெளி வல்லுநர்கள் கேட்டு மதிப்பிட்டபோது வேலை நன்றாகவே இருந்தது தெரிந்தது. மனத்துக்குத் துணைநிற்க மருத்துவப் பட்டம் கட்டாயமில்லை என்பதற்கு இது ஆரம்பச் சான்று. ஆனால் அந்த எட்டுப் பேரும் வசதியான வர்க்கத்துப் பெண்கள். சம்பளம் நின்றால் அடுப்பு அணைந்துபோகிற வீடுகளல்ல அவை.

இரண்டாவது பதில் ஆர்தர் பெர்ல், ஃபிராங்க் ரீஸ்மன் இருவருடையது. 'ஏழைகளுக்குப் புதிய வாழ்தொழில்கள்' என்ற பொருள்படும் அவர்களது நூல் 1965இல் வந்தது. ஏழைக்குச் சேவை செய்வதைவிட, அந்தச் சேவையைச் செய்கிற வேலையையே ஏழைக்குக் கொடு என்றார்கள். உதவி பெறுபவரைக் காட்டிலும் உதவுகிறவருக்கே சில சமயம் கூடுதல் நன்மை விளைகிறது என்ற கருத்தையும் ரீஸ்மன் முன்வைத்தார். உதவியாளராகச் சேருகிறவர் படிப்படியாக ஏறி, படித்துக்கொண்டே, தொழில்முறை வல்லுநராகவே ஆகலாம் என்ற ஏணியும் இந்தத் திட்டத்தில் இருந்தது. 1964இன் வறுமை ஒழிப்புச் சட்டம், இயன்ற அளவு ஏழைகளின் பங்கேற்போடு திட்டங்கள் நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. 1966இல் அதற்கு வந்த திருத்தம் இந்தப் புதிய வாழ்தொழில்களுக்கென்றே பணம் ஒதுக்கியது.

முதல் பதிலில் பயிற்சி மட்டும்தான் உண்டு. இரண்டாவதில் பயிற்சியோடு வேலை, கூலி, ஏணி எல்லாம் உண்டு. இரண்டுமே பயிற்சி மானியம் என்ற ஒரே பெயரில்தான் நடந்தன. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டதற்கு இந்தப் பொதுப்பெயரும் ஒரு காரணம் எனலாம்.

4

நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸ் பகுதி கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைப் பகுதி. அங்கே நகராட்சியின் லிங்கன் மருத்துவமனை. அதன் மனநலப் பிரிவை நடத்தியது ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரி. 1965இல் வறுமை ஒழிப்பு நிதியைக் கொண்டு, தெருவோரக் கடைகளை வாடகைக்குப் பிடித்து அக்கம்பக்க உதவி மையங்களைத் திறந்தார்கள். அந்தத் தெருவாசிகளையே வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ரீஸ்மனும் இந்த முயற்சியில் இருந்தார். நாடே திரும்பிப் பார்த்த முன்மாதிரி இது.

மையத்துக்கு வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? வீட்டுக்காரன் வெப்பக் குழாயைப் பழுது பார்க்கவில்லை, நலத்துறைக் காசு நின்றுபோச்சு, பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திட்டாங்க, வேலை இல்லை. மனநோய் என்ற பெயர்ப்பலகையின் கீழ் வாடகையும் குளிரும் வந்து உட்கார்ந்தன. தெருவிலிருந்து வந்த பணியாளருக்கு இது ஆச்சரியமில்லை. அவர் வீட்டிலும் அதே குழாய்தான். ஆனால் மருத்துவக் கல்லூரியின் பார்வையில் மனநலப் பிரிவின் வேலை மருத்துவம். நோயாளி, நோயின் பெயர், சிகிச்சை, கோப்பு. இந்த இரண்டு பார்வைகளும் ஒரே சம்பளப் பட்டியலுக்குள் எத்தனை நாள் ஒத்துப்போகும்?

இங்கே ஒரு சொல்லப்படாத ஒப்பந்தம் இருந்தது. நீ இந்தத் தெருக்காரி என்பதால்தான் உன்னை எடுத்தோம். உன் பேச்சும் உன் அனுபவமும்தான் உன் தகுதி. ஆனால் அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு எங்களைக் கேள்வி கேட்காதே. மானியத்துக்கான விண்ணப்பத்தில் 'சமூகம்' என்ற சொல் அலங்காரமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அது வாய் திறந்து பேச ஆரம்பித்தபோது வேலைநீக்கம் வந்தது.

1969 மார்ச் மாதம் இந்தப் பணியாளர்கள் நிர்வாக அறைகளைக் கைப்பற்றினார்கள். சக பணியாளர் சிலர் நீக்கப்பட்டது உடனடிக் காரணம். ஏறுவதாகச் சொன்ன ஏணி எங்கே, இந்த இடத்தை நடத்துவது யார், யாருக்கு இது பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விகள் அதற்கு முன்பே புகைந்துகொண்டிருந்தன. சமூகத்தின் கையில் நிர்வாகம் வேண்டும் என்பது கோரிக்கை. தொழில்முறை வல்லுநர்களிலும் ஒரு பகுதியினர் அவர்களோடு நின்றார்கள். சில வாரங்களில் போராட்டம் ஓய்ந்தது. நிர்வாகம் சமூகத்தின் கைக்கு வரவில்லை.

இந்தச் சம்பவத்தை அறுபதுகளின் கொந்தளிப்பு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அப்படி ஒதுக்கியவர்களும் உண்டு. என் வாசிப்பில் இது ஒரு கணக்குவழக்குத் தகராறு. நிதி ஏழைகளின் பெயரால் வந்தது. அதைப் பெற்று வரவு வைத்தது கல்லூரி. வேலைக்கு எடுக்கவும் நீக்கவும் கையெழுத்துப் போட்டது கல்லூரியின் ஆள். பயிற்சி பெற்றவருக்கு அந்தப் பணத்தின்மேல் எந்தப் பாத்தியதையும் கிடையாது. மானியம் பெறுபவரும் மானியத்தின் காரணமாக இருப்பவரும் வேறுவேறு ஆட்கள். இந்தப் பிளவைத்தான் லிங்கன் பணியாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

5

கோட்பாட்டு வாசகர்கள் இங்கே ஒரு மறுப்பைச் சொல்லலாம். ஃபூக்கோவைத் தொடர்ந்து ரொபேர் காஸ்தெல், பிரான்சுவாஸ் காஸ்தெல், ஆன் லவல் மூவரும் 1979இல் இந்த அமெரிக்க மாதிரியைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்கள். மருத்துவமனைச் சுவர் இடிந்ததால் உளமருத்துவத்தின் அதிகாரம் குறைந்துவிடவில்லை, அது சமூகம் முழுக்கப் பரவியது என்பது அவர்கள் வாதம். அப்படிப் பார்த்தால் பயிற்சி பெற்ற தெருக்காரர் யார்? அதிகாரத்தின் நுனிவிரல்தானே?

மறுக்க முடியாது. ஆனால் நுனிவிரல் திருப்பிக் குத்தியது என்பதும் அதே வரலாறுதான். குளிர்கிற வீட்டை 'மனச்சோர்வு' என்று கோப்பில் எழுத மறுத்தவரும் அந்த நுனியில்தான் இருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதிகாரம் பரவுகிறது என்று சொல்லும்போது, அது பரவுகிற இடங்களில் யாருக்கு என்ன கூலி, யாரை யார் நீக்கலாம் என்று கேட்காமல் விட்டால் நம் விமர்சனம் அந்தரத்தில் நின்றுவிடும்.

எழுபதுகளில் நடந்தது அதுதான். விதைப்பணம் குறையக் குறைய மையங்கள் காப்பீட்டையும் மருத்துவ உதவித் திட்டங்களையும் நம்ப வேண்டியதாயிற்று. அவை உரிமம் பெற்ற வல்லுநர் செய்த, பெயர் வைத்த சிகிச்சைக்குத்தான் பணம் தந்தன. வீட்டுக்காரனிடம் போய்ச் சண்டை போட்டதற்குப் பில் போட முடியுமா? பள்ளிக்கூட வாத்தியாரிடம் பேசியதற்கு? இந்த வகை வேலைகள் முதலில் சுருங்கின. அவற்றைச் செய்துவந்த ஆட்களும் சுருங்கினார்கள். யாரும் அவர்களைத் திறமையில்லாதவர்கள் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லப்போனால் தீர்ப்பு எதிர்த்திசையில் இருந்தது. 1979இல் ஜோசப் டர்லாக் 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பட்டமில்லாத உதவியாளர்களின் பலன் வல்லுநர்களுடையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறது என்று எழுதினார். ஆய்வுகளின் தரம் பற்றி அப்போதே சர்ச்சை உண்டு. ஆனாலும் சான்று இல்லாததால் இந்தப் பணியாளர்கள் காணாமல் போனார்கள் என்று சொல்ல முடியாது. சான்று வந்துகொண்டிருந்தபோதே காணாமல் போனார்கள்.

1980க்குள் 2000 மையங்கள் என்பது இலக்கு. அதில் பாதிகூட வரவில்லை. மாநில மருத்துவமனைகளில் இருந்தவர்களின் எண்ணிக்கையோ அதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கதவைத் திறந்துவிட்டார்கள், வாசலில் நிற்க வேண்டிய ஆளை அனுப்பிவிட்டார்கள். 1980 அக்டோபரில் கார்ட்டர் ஒரு புதிய மனநலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1981 ஆகஸ்டில் ரீகன் அரசு அதன் பெரும்பகுதியை ரத்து செய்து, மத்திய நிதியை வெட்டி, மிச்சத்தை மொத்தத் தொகையாக மாநிலங்களிடம் தள்ளிவிட்டது. புதிய சட்டம் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை.

6

அரசு கைவிட்ட இந்த இடத்துக்கு வேறு பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மனநோய் மருத்துவமனைகளில் அடைபட்டு வெளியே வந்தவர்கள் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்தே அமைப்பாகத் திரண்டார்கள். அவர்களில் ஒருவரான ஜூடி சேம்பர்லின் 1978இல் எழுதிய நூல், நோயாளிகள் தாங்களே நடத்தும் மாற்று இடங்களுக்காக வாதாடியது. அந்த அலையிலிருந்துதான், நோயை அனுபவித்தவரே இன்னொருவருக்குத் துணை என்கிற சக ஆதரவுப் பணியாளர் என்ற உரு வளர்ந்தது.

1999இல் ஜார்ஜியா மாநிலம் ஒரு காரியம் செய்தது. சக ஆதரவுக்கான செலவை ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டமான மெடிக்கெய்டிலிருந்து பெற வழி செய்தது. 2007இல் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் இதற்கான நிபந்தனைகளை எழுதி அனுப்பியது: மேற்பார்வை வேண்டும், சிகிச்சைத் திட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும், பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். 52ஆவது மாதக் கேள்விக்கு முதல்முறையாக ஒரு பதில் கிடைத்தது. கெடு வைத்த மானியம் போய்த் தொடர்ந்து வருகிற வருமானம் வந்தது.

விலை இல்லாமல் இல்லை. பில் போடுவதற்கான குறியீட்டில் சக ஆதரவின் அலகு 15 நிமிஷம். பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருந்த நேரத்தை, கூடவே பேருந்தில் போன நேரத்தை, கால்மணி கால்மணியாக அறுத்துக் கணக்கெழுத வேண்டும். தங்களை நோயாளிகளாகப் பதிவுசெய்த கோப்புகளுக்கு எதிராக எழுந்தவர்கள் இப்போது கோப்பு எழுதுகிறார்கள். ஆனாலும் கூலி வருகிறது. இந்த ஆனாலும் என்ற சொல்லை லேசாகத் தள்ளிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. லிங்கன் பணியாளர்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

பயிற்சி மானியமும் திரும்ப வந்தது. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டில் ஒரு பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் ஒபாமா அரசு மனநல ஆள்பலத்தைப் பெருக்க முனைந்தது. 2014 முதல் மத்திய நிதி வல்லுநர்களோடு உதவிப் பணியாளர் பயிற்சிக்கும் கல்லூரிகள் வழியாகப் போனது. இத்தகைய மானியங்களின் வெற்றி அறிக்கையில் முதலில் வருவது எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்ற எண். ஐந்தாவது வருஷம் அதே தெருவில் அதே வேலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தலைப்புச் செய்தி ஆவதில்லை. 2025 ஏப்ரலில், பள்ளிகளில் மனநலப் பணியாளர்களைப் பயிற்றுவித்து அமர்த்துவதற்காக 2022இன் சட்டப்படி கொடுத்துவந்த ஏறக்குறைய 100 கோடி டாலர் மானியங்களைத் தொடரமாட்டோம் என்று அமெரிக்கக் கல்வித் துறை அறிவித்தது. மாநிலங்கள் வழக்குக்குப் போயின. ஏற்கெனவே படிப்பில் சேர்ந்திருந்த மாணவர்களும், ஆளுக்காகக் காத்திருந்த பள்ளிகளும் நடுவில் நின்றார்கள். 51 மாதம்கூட ஆகவில்லை.

7

இனி நம்மூர். 1982இல் இந்தியாவின் தேசிய மனநலத் திட்டம் வந்தது. எண்பதுகளின் பின்பாதியில் பெங்களூர் நிம்ஹான்ஸ் பெல்லாரியில் ஒரு மாவட்ட மாதிரியை நடத்திப்பார்த்தது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அந்த நான்கில் ஒன்று நம் திருச்சி. ஐந்து வருஷம் மத்திய அரசு காசு, பிறகு மாநிலம் ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பழக்கமான அமைப்பு. விதை உன்னுடையது, தண்ணீர் யாருடையதோ.

இங்கே பயிற்சி யாருக்கு? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும். அதாவது தடுப்பூசி, பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு என்று ஏற்கெனவே பத்துப் பதிவேடுகளைச் சுமக்கிற கிராம சுகாதார செவிலியர் போன்றவர்களின் தலையில் இன்னொன்று ஏறியது. இதில் 52ஆவது மாதப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் புதிய வேலையே உருவாக்கவில்லை. இருக்கிற வேலைக்குள் திணித்தார்கள். அமெரிக்காவில் ஆளைப் பயிற்றுவித்து இடத்தைப் பறித்தார்கள். இங்கே இடமே போடாமல் பயிற்சி கொடுத்தோம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் செத்தபோது எல்லோரும் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசினோம். பேச வேண்டியதுதான். கட்டி வைத்த குடும்பங்களுக்குப் பக்கத்துத் தெருவில் போய்க் கேட்க யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும்.

தன்னார்வக் குழுக்களின் நிதி பற்றி நாம் பல வருஷமாக விவாதித்திருக்கிறோம். யாருடைய காசு, அது யாருடைய அரசியலுக்கு உதவுகிறது என்ற கேள்வியில்தான் விவாதம் நின்றது. அந்தக் கேள்வி தேவையானதுதான், ஆனால் போதாது. லிங்கனில் வந்தது ஏகாதிபத்தியத்தின் காசு அல்ல. அந்த ஜனங்களின் சொந்த அரசாங்கத்துக் காசு. அதனால் அவர்கள் நிலைமை மாறிவிடவில்லை. ஆகவே இன்னும் சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்வோம். காசு வேலைக்கா, ஆளுக்கா? ஆளை நீக்கும் கையெழுத்து யாருடையது? குளிரையும் வாடகையையும் நோயாக எழுதாமல் இருக்க அந்தப் பணியாளருக்கு உரிமை உண்டா?

நண்பர்கள் பலர் இப்போது இப்படிப்பட்ட பயிற்சிகளில் பயிற்றுநராகவோ பயிற்சி பெறுபவராகவோ ஏதோ ஒரு வகையில் இருக்கிறீர்கள். போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் இருப்பது, யாரும் இல்லாததைவிட நல்லது. விண்ணப்பத்தைக் கையில் வாங்கும்போது முதல் பக்கத்தில் உள்ள நோக்கங்களைப் படித்துவிட்டு வைத்துவிட வேண்டாம். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, காசு முடிகிற மாதத்துக்கு அடுத்த மாதம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் எழுதவில்லை என்றால், எழுதச் சொல்லிக் கேளுங்கள்.